கம்பெனி லாபம் பார்த்தால் சாதாரண ஜனங்களுக்கு என்ன நஷ்டம்?

ஆம்பூர்ப் பக்கம் பொருளாதாரம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "லாபம் இல்லாமல் யாரும் கம்பெனி நடத்த மாட்டார்கள். கம்பெனி வளர்ந்தால் வேலை வருகிறது, ஊர் வளர்கிறது. எங்கள் அம்மாவும் அத்தையும் ஷூ கம்பெனிக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைக்கிறார்கள். அப்படியிருக்க, லாப நோக்கப் பொருளாதாரம் மக்களைப் பாதிக்கிறது என்பது வெறும் கோஷம்தானே?"

அம்மாவும் அத்தையும் கொண்டுவரும் சம்பளத்தை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. வட ஆற்காட்டில் மானாவாரி நிலமும் வறண்ட ஆறும் மட்டுமே இருந்த ஊர்களில், மாதம் பிறந்தால் கையில் காசு என்பதைக் கொண்டுவந்தது தோல் தொழில்தான். 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியும் மேல்விஷாரத்தின் அப்துல் ஹக்கீம் கல்லூரியும் தோல் வணிகர்களின் கொடையில் வளர்ந்தவை. அதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் மேலே பேசுகிறேன்.

லாபம் என்றால் வரவில் செலவைக் கழித்தது. அதைக் கூட்ட நேர்மையான வழிகள் உண்டு: நல்ல சரக்கு செய்யலாம், வீணடிப்பைக் குறைக்கலாம், புதுச் சந்தை தேடலாம். இன்னொரு வழியும் உண்டு. செலவை இல்லாமல் ஆக்காமலே, தன் கணக்குப் புத்தகத்திலிருந்து மட்டும் அதை எடுத்துவிடுவது. செலவு எங்கேயோ போய் யார் தலையிலோ இறங்கும். அவருக்கு அதைத் திருப்பி பில் போட்டு அனுப்ப வழி இருக்காது. பெருநிறுவன அதிகாரம் என்று நான் சொல்வது இதைத்தான்: தன் செலவை, மறுக்க முடியாத ஒருவர் மீது இறக்கிவைக்கும் பலம். நம் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் இது நடந்த விதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளிலேயே பதிவாகியிருக்கிறது. அதனால் வெளியூர் உதாரணம் எதுவும் தேட வேண்டியதில்லை.

ஒரு காலத்தில் இங்கே தோல் பதனிட ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான். அந்த முறையில் பதனிட்ட தோல் அரைகுறைச் சரக்காகக் கப்பலேறியது. அப்போதும் உப்பும் நாற்றமும் இருந்தன. 1970களின் தொடக்கத்தில், பச்சைத் தோலாகவும் பாதி பதனிட்டதாகவும் அனுப்பாமல் முழுதாக முடித்த தோலாகவும் காலணியாகவும் ஏற்றுமதி செய்யுங்கள், அந்நியச் செலாவணி பல மடங்கு வரும் என்று மத்திய அரசு கொள்கையை மாற்றியது. கொள்கை நியாயமானதுதான். ஆனால் முடித்த தோல் என்றால் குரோம் பதனிடல். பட்டைத் தொட்டியில் வாரக்கணக்கில் ஊற வேண்டியது குரோம் உப்பில் ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். வேகம் கூடியது, சரக்கு கூடியது, கழிவு நீரும் கூடியது. அதே காலத்தில் மேலை நாடுகளில் சுற்றுச்சூழல் சட்டங்கள் இறுகின. அங்கே தோல் ஷாப்புகள் என்று நாம் சொல்லும் பதனிடும் ஆலைகள் பல மூடப்பட்டன, அழுக்கான முதல்கட்ட வேலைகள் நம் பக்கம் நகர்ந்தன. பளபளப்பான செருப்பு அங்கே போனது, கழுவிய தண்ணீர் இங்கே நின்றது.

குரோமியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர். விவசாயியைக் கேட்டால் உப்பைச் சொல்வார். பச்சைத் தோல் அழுகாமல் இருக்கச் சாதாரண உப்பைத்தான் அப்பி வைப்பார்கள். பதனிடும் முன் அதை ஊறவைத்து அலசுவார்கள். அந்த அலசல் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பால் பிரிக்க முடியாது. குரோமியத்தை மீட்டெடுக்கலாம், கசடை வடிகட்டலாம். உப்பு மட்டும் தண்ணீரோடு தண்ணீராக மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றில் வந்து நிற்கும். கிணற்று நீர் கரித்தது, நெல் கருகியது, தென்னங்குலை சிறுத்தது என்று கிராமத்துக்காரர்கள் சொன்னதெல்லாம் இந்த உப்பின் வேலை. பாலாற்றில் மேலே தண்ணீர் ஓடாவிட்டாலும் மணலுக்கு அடியில் ஊற்று ஓடும். இரண்டு கரையும் அந்த ஊற்றை நம்பித்தான் பிழைத்தன. கழிவு போய்க் கலந்த இடமும் அதுவே.

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28இல் வந்தது. நீதிபதி குல்தீப் சிங் அமர்வு. தோல் ஷாப்புகள் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டது என்ற ஆய்வை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது என்பதற்காக ஒரு தொழிலுக்கு மக்களின் ஆரோக்கியத்தை அழிக்கும் உரிமை வந்துவிடாது என்று சொன்னது. கேடு வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே தடுக்க வேண்டும், கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் நாட்டின் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. இன்று இந்தியாவில் எந்த மூலையில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் வேலூர் பெயரைச் சொல்லாமல் வாதாட முடியாது. சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு இது முதல் பாடம். நமக்குப் பெருமை சேர்க்க வேண்டிய பெயர்தான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். தீர்ப்பின்படி ஓர் ஆணையம் அமைந்தது. அது விசாரித்து 2001 மார்ச்சில் வேலூர் மாவட்டத்துக்கு இழப்பீட்டை நிர்ணயித்தது. 547 தோல் ஷாப்புகள், பாதிக்கப்பட்ட 29,193 பேருக்குச் சேர்த்துச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் தர வேண்டும். வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சராசரியாக 9,200 ரூபாய்க்குள். 1991 ஆகஸ்ட் முதல் 1998 டிசம்பர் வரையிலான சேதத்துக்கு இது. மாதக் கணக்காக்கினால் 100 ரூபாய்க்குச் சற்று மேல். கிணறு போன ஒரு சம்சாரிக்கு, நிலம் உவர் பூத்த ஒரு குடும்பத்துக்கு, சட்டப்படி விதித்த விலை அது. அந்தத் தொகையும் எல்லோருக்கும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. வழக்கு மேல் வழக்காக ஓடி, 2025 ஜனவரி 30இல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மறுபடி ஒரு நீண்ட தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. மீதி இழப்பீட்டை மாநில அரசே முதலில் ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும், சேதம் சரியாகும் வரை இழப்பீட்டுப் பொறுப்பு தீராது என்றது.

வழக்குப் போட்ட வருஷத்துக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையில் 34 வருஷம். நஷ்டப்பட்டவர்களில் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், பணம் உள்ள தரப்பின் மிகப் பெரிய பலம் காலம்தான். வழக்கறிஞர் செலவு ஒரு கம்பெனிக்கு வருடாந்திரச் செலவுக் கணக்கில் ஒரு வரி. சம்சாரிக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி.

இதற்குத் தனியாரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. ராணிப்பேட்டையில் குரோமேட் ரசாயனம் செய்த ஆலை அரசின் ஆதரவோடு வந்ததுதான். 1995இல் மூடினார்கள். 2 லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். உலகின் மிக மாசுபட்ட இடங்கள் என்று 2006இல் வெளிநாட்டு அமைப்பு ஒன்று போட்ட பட்டியலில் ராணிப்பேட்டை இடம்பெற்றது. லாபம் இருந்த வரை கம்பெனி இருந்தது, கழிவு மட்டும் ஊரோடு தங்கிவிட்டது. ஆகவே முதலாளி யார் என்பதைவிட, செலவை வெளியே தள்ளும்போது தடுக்க ஆள் இருந்ததா என்பதையே நான் கேட்பேன்.

சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகு நிலைமை முன்னைவிடத் தேறியது உண்மை. ஆனாலும் 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கசடில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தொழிலாளி ஏன் வேலை செய்யும் இடத்திலேயே படுத்திருந்தான்? வெளியே வாடகைக்கு அறை எடுத்தால் அது ஒரு செலவு. அந்தச் செலவும் இப்படித்தான் மிச்சமாகிறது.

இப்போது உங்கள் அம்மாவும் அத்தையும் போகும் ஷூ கம்பெனிக்கு வருவோம். வெளிநாட்டு பிராண்டு ஆர்டர் கொடுக்கும்போதே விலையையும் தேதியையும் தானே வைக்கிறது. இதே ஷூவை இன்னொரு நாட்டில் குறைத்துச் செய்து தருகிறார்கள் என்ற ஒரு வார்த்தை போதும், ஆம்பூர் முதலாளி இறங்கி வருவார். தோலின் விலையையும் கெமிக்கல் விலையையும் மின்கட்டணத்தையும் அவரால் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது ஒன்றுதான்: ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஆள் தைக்கும் ஜோடிகளைக் கூட்டுவது. லைனில் டார்கெட் ஏறுகிறது. சூப்பர்வைசர் குரல் ஏறுகிறது. பாத்ரூம் போய்வரும் நேரத்தைக்கூடக் கணக்குப் பார்க்கிறார்கள் என்று பெண்கள் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அவசர ஆர்டர் என்றால் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் வேலை ஜாப் ஒர்க்காக வெளியே போகும். அங்கே பி.எப். கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது. ஆர்டர் நின்றால் முதலில் நிற்பதும் அங்கேதான். சூப்பர்வைசரைத் திட்டிப் பயனில்லை. அவர் தலைக்கு மேல் ஒருவர், அவர் தலைக்கு மேல் ஒருவர் என்று போய், முடிவெடுத்தவர் பாலாற்றை வரைபடத்தில்கூடப் பார்த்திராத ஊரில் உட்கார்ந்திருப்பார். தப்பு நடந்தால் அது எங்கள் சப்ளையரின் தப்பு என்று அவர் ஓர் அறிக்கை விடுவார்.

குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் பீடித் தொழிலில் இதையே இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். அங்கே தொழிற்சாலையே கிடையாது. தொழிலாளியின் வீட்டுத் திண்ணைதான் தொழிற்சாலை. வாடகை, விளக்கு, குடிதண்ணீர் எல்லாம் அவள் செலவு. இலையும் தூளும் நூலும் ஏஜெண்டு தருவார், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலை மோசமாக இருந்து பீடி குறைந்தால், குறைந்ததை அவள் காசில் ஈடு கட்ட வேண்டும். சரியில்லை என்று கழித்த பீடிக்குக் கூலி இல்லை. 1966இல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்றே ஏற்றது. ஆனால் அதற்கு அவள் பெயர் ஏட்டில் இருக்க வேண்டும். ஏஜெண்டின் ஏட்டில் ஒரு பெயர் இருக்கும், அந்தப் பெயரில் மூன்று பேர் சுற்றுவார்கள். மருந்தகத்துக்கும் பிள்ளைகளின் படிப்பு உதவிக்கும் பீடி மீது போட்டிருந்த நல வரி 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நீங்கியது. அந்தத் திட்டங்களுக்கு இப்போது பட்ஜெட்டில் ஒதுக்குவதைத்தான் நம்ப வேண்டும்.

சம்பளம் போதாத இடத்துக்குள் அடுத்த கம்பெனி நுழையும். குழுக் கடன். பத்துப் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்து, அடமானம் இல்லாமல் கடன், வாரத் தவணை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். வங்கி நடத்தும் யாரும் கடன் வாராமல் போகும் அபாயத்தைத் தாங்க வேண்டும், வட்டி வாங்குவதே அதற்காகவும்தான். இங்கே வட்டியும் அவர்களுக்கு, அபாயம் பக்கத்து வீட்டுக்காரிக்கு. வசூலுக்கு ஆள் வைக்கவும் அதிகம் வேண்டாம், அக்கம்பக்கத்தாரின் வெட்கமும் கோபமும் அந்த வேலையைச் செய்துவிடும். அக்கா தங்கையாகப் பழகிய தெருக்கள் இதனால் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருக்கின்றன. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் கொண்டுவந்த விதிகள் நுண்கடன் நிறுவனங்களுக்கு இருந்த வட்டி உச்சவரம்பை எடுத்துவிட்டன. அதற்குப் பதிலாக, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றன. நல்ல விதி. ஆனால் வருமானத்தை எழுதிக்கொள்வது கடன் கொடுக்க வந்தவரே. மிரட்டி வசூலிப்பதைத் தண்டிக்க 2025இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது என்றால் நிலைமையை யூகித்துக்கொள்ளலாம்.

"அப்படியென்றால் சட்டம் போட்டுச் சரிசெய்ய வேண்டியதுதானே" என்று கேட்பீர்கள். சட்டம் போடும் இடத்திலும் பணம் பேசுகிறது. கம்பெனிகள் தங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்கு நன்கொடை தரக் கூடாது என்றிருந்த வரம்பை 2017இல் நீக்கினார்கள். கூடவே தேர்தல் பத்திரமும் வந்தது, யார் யாருக்குக் கொடுத்தார் என்று வாக்காளருக்குத் தெரியாதபடி. 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. 2019இல் கம்பெனிகளின் அடிப்படை வருமான வரி 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைந்தது. அரசுக்கு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் குறையும் என்று அறிவித்தவர்களே சொன்னார்கள். சோப்புக்கும் செருப்புக்கும் நீங்களும் நானும் கட்டும் வரிக்கு அப்போது அப்படிச் சலுகை வரவில்லை. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன்அனுமதி 100 தொழிலாளர் உள்ள ஆலைக்குத் தேவைப்பட்டது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 300 ஆகிவிட்டது. நம் பகுதியில் 100க்கும் 300க்கும் நடுவில் ஆள் வைத்திருக்கும் கம்பெனிகள் எத்தனை என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள், படிப்புக்கும் உதவும்.

எல்லாம் கை மீறிப்போய்விட்டது என்று நான் நினைக்கவில்லை. 2023 ஏப்ரல் 21இல் தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்த வேகத்தில், மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்தே நாள். வேலூர் வழக்கைப் போட்டவர்களும் உள்ளூர்க் குடிமக்கள்தான், பெரிய அரசியல் பலம் எதுவும் அவர்களுக்குப் பின்னால் இல்லை. நம் ஊரிலேயே லாபத்தை முதல் நோக்கமாக வைக்காமல் வளர்ந்த நிறுவனமும் கண்ணெதிரே இருக்கிறது. 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையை நம்பி வங்காளத்திலிருந்து ரயிலேறி வருகிறார்கள், காட்பாடி முதல் வேலூர் வரை எத்தனையோ லாட்ஜும் மெஸ்ஸும் அவர்களால் பிழைக்கின்றன. லாபம் தேடி ஓடினால்தான் ஒரு ஊர் வளரும் என்ற வாதத்துக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

"வேலை வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா" என்று நம்மை நிறுத்துவார்கள். பழைய வட ஆற்காட்டில் இந்தக் கேள்வியை எழுப்பியே தோல் தொழிலாளியையும் விவசாயியையும் மோதவிட்டார்கள். இரண்டு பேரும் பல சமயம் ஒரே குடும்பம். கழிவைச் சுத்திகரிக்க ஆகும் செலவைச் செருப்பின் விலையில் சேர்த்தால், கடையில் வாங்குபவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார், பிராண்டு கொஞ்சம் குறைவாகச் சம்பாதிக்கும். வேலையும் இருக்கும், கிணறும் இருக்கும். விலையில் சேர்க்க மறுப்பதால்தான் இரண்டில் ஒன்று என்று ஆகிறது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானதில் இன்னொரு சங்கடம். வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூரில், பேர்ணாம்பட்டு வேலூரில், வாலாஜாவும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டையில். ஆறு ஒன்று, கலெக்டர்கள் மூன்று பேர். மேலே கலந்தது கீழே வந்து சேரும்போது புகாரை எந்த ஆபீசில் கொடுப்பது என்பதே ஒரு கேள்வியாகிவிடுகிறது.

தனி ஆளாக என்ன செய்யலாம் என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். மாசு பற்றியது என்றால், அந்த ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவு ஆணையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவு நீர், எங்கே விட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்கும் மனுவுக்கு மதிப்பே வேறு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுவுக்கு ரசீது வாங்காமல் வராதீர்கள், பின்னால் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போக வேண்டி வந்தால் அந்தத் தேதி உதவும்.

அதற்கு முன்னால், இந்த வாரமே வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவுடைய, அத்தையுடைய பி.எப். கணக்கைச் செல்போனில் திறந்து மாதாமாதம் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சம்பளத்தில் 12 சதவீதம் பிடிப்பார்கள், அதே அளவு முதலாளியும் போட வேண்டும். ஈ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளியிடம் 0.75, முதலாளியிடம் 3.25. பிடித்த பணத்தைக் கட்டாமல் மாதக்கணக்கில் தள்ளுவது நம் பகுதியில் நான் அடிக்கடி பார்க்கும் புகார். ஒருவர் தனியாகக் கேட்டால் அடுத்த வாரம் அவருக்கு வேலை இருக்காது. ஒரே லைனில் தைக்கும் பத்துப் பேரின் விவரத்தைச் சேர்த்து, ஒரே மனுவாக வேலூர் பி.எப். அலுவலகத்தில் கொடுங்கள். அத்தையிடம் சொன்னால் அந்தப் பத்துப் பேரை அவரே கூட்டி வருவார்.